மலைச் சாடி

"இது மலைக் காளான் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மூட்டையோடு நின்றவர் அவளுடைய அக்கா புருஷன். மருந்துக் கம்பெனியில் காளானுக்கு வாசம் பார்க்கிற அவளுக்கு 'மூக்கு' என்றே பட்டப்பெயர். மூன்று முறை அவள் தள்ளினால் விவசாயியின் பேரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மாமாவுக்கு இது மூன்றாவது.

"எதுக்கும் இன்னொரு தடவ பாரும்மா."

'மலை' என்று சீட்டு ஒட்டிய கண்ணாடிச் சாடியை எடுத்தாள். எட்டு வருஷமாகத் தினம் ஒரு கரண்டி எடுத்து ஒப்பிடுகிற மாதிரித் தூள். மூடியைத் திறந்ததும் கழுத்துவரை நின்ற தூள் மேசையில் கொஞ்சம் சிந்தியது.

இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். பிறகு வாசனையைப் பிரித்துக் கோடு போடுகிற மெஷினில் வைத்தாள். இரண்டு கோட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"மூக்கு சொன்னதத்தான் மெஷினும் சொல்லுது. கீழ கொட்டகை போட்டு வளக்குறீங்களா மாமா?"

மாமா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைக்காலெல்லாம் அட்டை கடித்த வடு.

"கொட்டகைல அட்டை இருக்குமாம்மா? நேத்து நீ தேத்துன வியாபாரி கால்ல இருந்துச்சா?"

சொந்தம் என்று இவரை விட்டால், இதுவரை தள்ளிய மற்ற மலைக்காரர்களுக்கு என்ன நியாயம்? 'போலி' முத்திரையை எடுத்துச் சீட்டில் குத்தினாள்.

மாமா அதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மரக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "தேறலப்பா. மரத்தையெல்லாம் வெட்டிக்கங்க" என்றார். காளான் முளைக்கிற மரங்கள். மலையில் மிஞ்சியிருந்தது அவருடைய தோப்பு ஒன்றுதான்.

"ஒங்க அக்காகிட்ட என்னன்னு சொல்ல?"

"உண்மையச் சொல்லுங்க மாமா."

அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுருட்டிய காலை இறக்கிவிடாமலே போனார்.

சிந்திய தூளைத் துடைக்க ஸ்டோர் அண்ணன் வந்தார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையில இனி ஒருத்தரும் இல்லண்ணே. இந்தச் சாடி தீந்துபோனா எத வெச்சு ஒப்பிடுறது?"

"அந்தக் கவல உனக்கு ஏம்மா? கொறையுறப்பல்லாம் நம்ம பின்பக்கக் கொட்டகைலேர்ந்து நான்தானே ரொப்பி வெக்கிறேன்."