செய்சோ வீட்டுக் கரடி

"கரடி! மலையடிவாரத்தில், செய்சோ வீட்டுப் பழமரத்தடியில் கரடி! சாலையில் இருப்பவர்கள் உடனே பக்கத்தில் உள்ள வீட்டுக்குள் போய்விடுங்கள்!"

ஊர் ஒலிபெருக்கி அலறி முடிப்பதற்குள், முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த குனிகோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே தபால்காரர் ததோகோரோ, வண்டியை வேலியில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். பக்கத்தில் இருந்தது அந்த ஒரு வீடுதான்; இருவரும் செருப்பை உதறிவிட்டு செய்சோவின் வீட்டுக்குள் பாய்ந்தார்கள்.

செய்சோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தை நிறுத்திவைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி உருகும் சமயத்தில் மனைவி தோமியே இறந்ததிலிருந்து மனிதர் அப்படித்தான். அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஒரு தலையசைப்பு, சாப்பிடக் கூப்பிட்டவர்களுக்கு ஒரு 'வேண்டாம்'. கொதிக்கும் தேநீர் நாக்கில் பட்டால்கூடச் சுடுவது தாமதமாகத்தான் உறைத்தது.

"அண்ணே, கதவைத் தாழ் போடுங்க! உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றாள் குனிகோ.

"வந்தா வரட்டும்."

"வந்தா உங்களை மட்டுமா கடிக்கும்? நானும் இங்கதான இருக்கேன்!"

"உன்னைக் கடிச்சா கரடிக்குத்தான்க்கா பல்லு போகும்" என்றார் ததோகோரோ.

செய்சோவின் உதடு அசைந்தது. சிரிப்பு இல்லை, கொட்டாவி.

போலீஸ்காரர் ஹதா வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். "தடம் ஒண்ணும் காணோம். போன வாரமும் இப்படித்தான். எதுக்கும் கொஞ்ச நேரம் யாரும் வெளிய போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி அவரும் உட்கார்ந்துவிட்டார்.

செய்சோ எழுந்துபோய் குக்கரைத் திறந்தார். ஒற்றை ஆள் வீட்டில், விளிம்புவரை சோறு ஆவி பறந்தது. முள்ளங்கியும் மிசோ என்ற சோயா விழுதும் போட்ட குழம்பும் பெரிய சட்டி நிறைய இருந்தது. முதல் கிண்ணத்தை தோமியேயின் படத்துக்கு முன் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறினார்.

குனிகோ ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஐயோ, உப்பு! தோமியேக்கா இருந்திருந்தா உங்களைத் திட்டித் தீர்த்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திட்டுவா" என்றார் செய்சோ, கிண்ணத்தைப் பார்த்தபடி. "கரண்டியாலயே ஒண்ணு போடுவா."

அவர் கன்னத்தில் ஈரம் இறங்கியது. அது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. ததோகோரோ ஒன்றும் நடக்காததுபோல இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். செய்சோ எழுந்து போட்டார்.

ஆபத்து நீங்கிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. குனிகோவும் ததோகோரோவும் சிரித்துப் பேசியபடி கிளம்பிப் போனார்கள். கடைசியாக ஹதா வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். நிமிராமலே மெல்லச் சொன்னார்:

"அடுத்த தடவை கரடின்னு போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, மீன் வாங்கிட்டு வந்துடறேன்."