பெட்டியில்லாத காசு

“போலி!” என்று சொல்லி, பழங்காசுக் கடைக்காரர் சபாபதி அந்த வெள்ளிக் காசைக் கண்ணாடி மேஜைமேல் தட்டென்று போட்டார்.

எதிரே நின்ற விக்டோரியா அசையவில்லை. ஐம்பது வயதிருக்கும். இந்த ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கி, சாயம் போனது; தோளில் துணிப்பை, கட்டைவிரலில் பிளாஸ்திரி.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி இந்த நாட்ட ஆண்ட மிண்டோன் ராஜா காலத்து மயில் காசுன்னு நம்பி வெச்சிருக்கோம்.”

வேறு நாளாக இருந்தால் ‘வேணாம்மா, கொண்டு போ’ என்று முடித்திருப்பார் சபாபதி. இன்று பசுந்தாங் பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அகஸ்டின், காசு வாங்கவென்று அவர் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த ஒரு மயில் காசைக் கையில் வைத்துக்கொண்டு, “பெட்டியில்லாத காசு பத்துல ஒரு பங்கு விலைதானே?” என்று ஒரு மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா சார்? சும்மா கையில வர்ற காசோட லட்சணம் இதுதான். தோகையில ஒரு கோடாவது பிரியுதா? மொழுமொழுன்னு கெடக்கு. இது அச்சுல அடிச்சதில்ல, வார்த்தது.” சபாபதி அதைத் தராசில் வைத்தார். “எடையும் கம்மி. உங்க கையில இருக்கிறது சிங்கப்பூர்ல சோதிச்சு, தரம் பாத்து கிரேடு போட்டு, பெட்டியில சீல் வெச்சு வந்தது. கண்ண மூடிட்டு வாங்கலாம்.”

அகஸ்டின் தலையாட்டினார். கை சட்டைப்பைக்குப் போனது.

“ஒரு பார்வையில எப்படிண்ணே சொல்லுவீங்க? எங்களப் பாத்தா ஏமாளி மாதிரி இருக்கா?” விக்டோரியா குரலை உயர்த்தினாள்.

சபாபதிக்குச் சுருக்கென்றது. “இருபது வருஷமா காசு பாக்கிற கண்ணும்மா இது!”

“அப்ப எழுதிக் குடுங்க. இது போலின்னு உங்க கடைச் சீட்டுல எழுதி, முத்திரை போடுங்க. வாங்காம நான் இந்த எடத்தவிட்டு நகர மாட்டேன்.”

அகஸ்டினின் கை சட்டைப்பையிலேயே நின்றது. இப்போது தயங்கினால் வியாபாரம் போய்விடும். சபாபதி சீட்டை இழுத்து, ‘மயில் காசு ஒன்று. வார்ப்பு. போலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

விக்டோரியா அதை உரக்கப் படித்துவிட்டு மடித்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு துணிப்பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் கிரேடு எண் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு ரசீது. சபாபதியின் கடை ரசீது. ஆண்ட்ரூ என்ற பெயருக்குப் போட்டது.

ஆண்ட்ரூவைச் சபாபதிக்கு நன்றாக நினைவிருந்தது. பேங்குகள் கதவடைத்து, போட்ட பணத்தை எடுக்க முடியாமல் போன வருஷத்திலிருந்து நோட்டை நம்பாமல், துறைமுக வேலையில் சேர்த்ததை எல்லாம் இந்த ஒரு காசில் போட்ட மனிதர். போன வாரம் மூன்று தடவை வந்து, “மத்த கடையில போலிங்கறாங்க” என்று கெஞ்சினார். “சீல் போட்ட பெட்டிக்குள்ள இருக்கிறது எப்படிய்யா போலியாகும்?” என்று மூன்று தடவையும் அவரை வாசலிலேயே விரட்டியிருந்தார் சபாபதி.

அகஸ்டின் தன் கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

“ஆண்ட்ரூ எங்க வீட்டுக்காரரு” என்றாள் விக்டோரியா. “நான் பெட்டியை மட்டும்தாண்ணே உடைச்சேன், காசு நீங்க வித்ததுதான்!”