வைக்கோல் நிறப் பலகை

காலை வைக்குமுன் தும்புத்தடியால் பலகையைத் தட்டினேன்.

ஒரு தட்டு, ஒரு அடி. இன்னொரு தட்டு, இன்னொரு அடி.

வெயில் ஏறிவிட்டது, முதுகில் சுடுகிறது. வாவியில் இன்னும் பனி. சித்திரை மாதத்தில் இப்படிப் பனி நான் கண்டதில்லை. காலம் கெட்டுப் போயிற்று.

தன்னாமுனையில் எங்கள் வளவு வாவிக்கரையோடு முடிகிறது. மகள் றெபேக்காவும் மருமகன் அன்ரோவும் வீட்டில் இரண்டு அறையை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்கள் இருந்து காற்று வாங்கத்தான், தண்ணீருக்கு மேலே நீட்டி இந்தப் பலகைத் தளத்தை அடித்தார்கள். அன்ரோ அதற்குக் கருங்காலி மாதிரிக் கறுத்த சாயம் பூசினான். அதுதான் இப்போதைய நாகரிகமாம்.

காலையில் இந்தத் தும்புத்தடியால் தளத்தைக் கூட்டி, முதலை கிதலை ஏறிக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லுவது என் பொறுப்பு. நான் சொன்ன பிறகுதான் ஆட்களை விடுவார்கள்.

போன மாதம் ஒருநாள் பார்த்தேன். ஒன்றுமில்லை. நடந்தேன்.

காலுக்கு ஒரு முழம் முன்னால் பலகை வாயைத் திறந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அன்று பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை.

குற்றம் சாயத்தில். கறுத்த முதலை கறுத்த பலகையில் படுத்தால் எவனுக்குத் தெரியும்? வெளிச்ச நிறம் பூசு, இல்லாவிட்டால் தளத்தைக் கழற்று என்று அன்ரோவிடம் சொன்னேன்.

“முதலைக்குப் பயந்து பலகைக்கு நிறம் மாத்துற ஆள் உலகத்திலயே நீங்கதான் மாமா,” என்று சிரித்தான்.

“உன்ட காலா மனே போகப்போகுது?” என்றேன். சிரிப்பை நிறுத்தினான்.

கறுத்த சாயத்துக்கு மேலே வெளிச்சச் சாயம் எடுபடாது. பழையது மரத்துக்குள் ஊறியிருக்கும். புறுபுறுத்துக்கொண்டு மிசின் பிடித்து அவ்வளவையும் உரஞ்சி எடுத்தான். பிறகு மட்டக்களப்புக்குப் போய் நாலு சின்ன டின் வாங்கி வந்து, ஒரு துண்டுப் பலகையில் நாலு கோடு இழுத்து, எது வேண்டும் என்று கேட்டான்.

நாலும் ஒரே நிறம்.

ஒரு சாயத்தை நாலு டின்னில் ஊற்றி ஏமாற்றியிருக்கிறான் கடைக்காரன். அதை முகத்துக்கு நேரே சொன்னேன்.

அன்ரோ தலையில் கையை வைத்தான். “மாமாவுக்கு உலகத்தில எல்லாரும் கள்ளர்தான்.”

நாலிலும் ஆக வெளிச்சமானது வைக்கோல் நிறம்தான் என்று றெபேக்கா சொன்னாள். அதையே பூசச் சொன்னேன். பூசும்போது பக்கத்திலேயே நின்றேன், தண்ணீர் கலக்கிறானா என்று பார்க்க.

நேற்று அது காய்ந்தது. நேற்றே கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்களின் சின்னப் பெண்பிள்ளை இப்போது குசினி வாசலில் நின்று, தளத்தில் ஓடவேண்டும் என்று குதிக்கிறாள். றெபேக்கா அவளைப் பிடித்து வைத்திருக்கிறாள், நான் சொல்லும் வரைக்கும்.

தளத்தின் நடுவுக்கு வந்துவிட்டேன்.

நின்று நல்லாகப் பார்த்தேன். இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம் வரை புதுப் பாய் விரித்த மாதிரி ஒரே வெளிச்சம். கறுப்பாய் ஒரு பொட்டு இல்லை. இதில் ஒன்று ஏறிக் கிடந்தால் தெரியாமல் போகாது.

ஒரு மாதத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. தட்டுவதை விட்டேன். தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு இன்னும் நாலைந்து அடி நடந்தேன்.

“ஒண்டுமில்ல மகள், புள்ளைய விடு!” என்று கத்தினேன்.

பின்னால் சின்னக் காலடிகள் பலகையில் தடதடவென்று ஓடிவந்தன.

சட்டென்று நின்றன. யாரோ அள்ளித் தூக்கியிருக்க வேண்டும், பிள்ளை வீரிட்டாள். பிறகு அந்தச் சத்தமும் பொத்தப்பட்டது.

றெபேக்காவின் குரல் மட்டும் வந்தது, செபமாலை சொல்லுகிற மாதிரி மெல்லமாக.

“அப்பா... அசையாதீங்க. உங்கட காலடியில கிடக்கு.”

குனிந்து பார்த்தேன்.

பனி. பனிக்குக் கீழே வைக்கோல் நிறத்தில் பலகை. வேறொன்றும் இல்லை.