எதிர்த்திசையில் ஒரு நீலம்

வெள்ளி மதியம், யூதர்களின் ஓய்வுநாளான சபாத்துக்கு முந்தைய கடைசிப் பேருந்தைப் பிடிக்க மற்றவர்கள் போய்விட்ட, இஸ்ரேலின் ரெஹோவோத் ஆய்வுக்கூடத்தில் திர்ட்ஸா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாள். கடுங்குளிரில் வைத்த, மாசே இல்லாத உலோகத் துணுக்கில் மின்சாரம் ஓடும் திசையைத் திரை நிறமாகக் காட்டுகிறது. நடுவே நீளும் பாதை சிவப்பு. அதன் ஓரத்து வட்ட அறைக்குள் மட்டும், ஆற்றோரப் பள்ளத்தில் நீர் சுழித்துத் திரும்புவதைப் போல, எதிர்த்திசையில் நீலம். பல ஆண்டுகளாக அவள் தேடிய சுழல். "ஒயர மாத்திச் சொருகிருப்ப" என்கிறான் அவளோடு தங்கிவிட்ட, கூட வேலை செய்யும் ஓதெத், சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்தபடி. "மாத்தியிருந்தா நடுப்பாதையும் சேந்துல்ல திரும்பியிருக்கும், அறிவாளி." "அப்ப சூடேத்திப் பாரு. கருவிக் கோளாறுன்னா அப்படியே நிக்கும். நெசமான சுழல்னா அழிஞ்சிரும்." அவளுக்கும் அது தெரியும். அந்தத் தூய்மையில் எலெக்ட்ரான்களுக்கு மோத ஒன்றையொன்று தவிர வேறெதுவும் இல்லை. மோதி மோதியே அவை சேர்ந்து நீராக ஓடுகின்றன. சூடேறினால் உலோகமே அதிர்ந்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இடறிவிடும். அவள் விரல் வெப்பத்தைக் கூட்டும் குமிழின் மேல் நிற்கிறது. கிடைத்ததை நம்புவதற்கு அதைத் தொலைத்துப் பார்ப்பது எந்த மனதுக்கும் எளிதில்லை. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்டா." ஓதெத் விதை கடிப்பதை நிறுத்திவிட்டு அவளருகே வந்து நிற்கிறான். அவள் குமிழைத் திருப்புகிறாள். நீலம் விளிம்பிலிருந்து வெளிறி, ஒரு புள்ளியாகச் சுருங்கி, வட்ட அறை முழுக்கச் சிவக்கிறது. சுழல் இருந்த சுவடே இல்லாத திரையைப் பார்த்து, கண்களைத் துடைத்துக்கொண்டே, திர்ட்ஸா சிரிக்கிறாள்.