ஒன்று குறைகிறது

"இன்னொரு தடவை கூட்டிப் பாருய்யா. எங்கேயாவது ஒண்ணு விட்டுப் போயிருக்கும்" என்றார் கணக்கெடுப்பு அதிகாரி.

குமாஸ்தா நான்காவது தடவையாகக் கூட்டினார். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. நாட்டிலுள்ள வழிபாட்டுத் தலங்கள் மொத்தமே அவ்வளவுதான். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஒன்று குறைந்தால் குடியா முழுகிவிடும்? முழுகும். 'முழுசாக ஒரு லட்சம்' என்று மந்திரி போன வாரமே பத்திரிகைக்காரர்களிடம் அளந்துவிட்டிருந்தார். நான்கு மணிக்குப் பட்டியல் போகாவிட்டால் அதிகாரியின் வேலை காலி.

அவருக்கு அந்த வேலையைக் கொடுத்ததே, எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்றுதான். "கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற ஆசாமி.

பொய்யாக ஒன்றைச் சேர்க்கவும் வழியில்லை. விதிமுறையை அவரே கறாராக எழுதிவைத்திருந்தார். வீடாக இருக்கக் கூடாது. மற்றபடி எந்த இடமானாலும் சரி, அங்கே ஒருவராவது மனமுருகி வேண்டுவதைக் கணக்கெடுப்பவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததும் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும், இரண்டாம் தடவை எண்ணிவிடாமலிருக்க.

குமாஸ்தா சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். சந்துபொந்து ஒன்று விடவில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம், மருத்துவமனை மாடிப்படியடி என்று எங்கே போனாலும் அவருக்கு முன்னாலேயே அந்தக் கோடு வந்து நின்றது. மூன்றே முக்காலுக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

அதிகாரியின் அறைக்கதவை மெல்லத் தள்ளி எட்டிப்பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

ஐந்து நிமிடம் கழித்து அதிகாரி வெளியே வந்தார்.

"என்னய்யா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படிவத்தைப் படிக்கக்கூட நேரமில்லாமல் கையெழுத்தைக் கிறுக்கி, பட்டியலை மந்திரிக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம்தான் கேட்கவே தோன்றியது.

"ஆமா, அந்த இடம் எங்கேய்யா இருக்கு? எத்தனை பேர் கும்பிடறாங்க?"

குமாஸ்தா அந்த அறையின் கதவைக் காட்டினார். அதில் புதிதாக ஒரு சாக்பீஸ் கோடு.

"இப்போதைக்கு ஒருத்தர்தான் சார். கண்ணை மூடிக்கிட்டு இருந்ததால, நான் கதவைத் திறந்ததை நீங்க பார்க்கல."