காதோடு ஒரு சிபாரிசு

"அந்தப் பையனுக்கு இன்னிக்கி இன்டர்வியூ. நீ மனசு வெச்சா நடக்கும்பா. கொஞ்சம் பாத்துக்கோ."

ஷேர் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே பேசினார் தேவசகாயம். வலது காதில் வழக்கம்போல் ப்ளூடூத்.

யாருக்கோ வேலைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் பின்சீட்டில் இருந்த சுகாசினி. அவள் கணவன் கமலுக்கும் இன்றைக்குத்தான் ஒரகடத்தில் இன்டர்வியூ. வேலை போய் வீட்டோடு இருக்கும் மனுஷனுக்குச் சிபாரிசு செய்ய ஒரு நாதி இல்லையே என்று நேற்று இதே ஆட்டோவில் அம்மாவிடம் போனில் அழுதிருந்தாள்.

அந்த ப்ளூடூத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மாகறலில் ஏறி காஞ்சிபுரத்தில் இறங்கும்வரை ஒரு நாளும் அவர் அதைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

"ஏண்ணா, நாள் பூரா அத மாட்டிக்கினே இருக்கீங்களே, ரேடியேஷன் ஆச்சே!"

"தினம் எக்ஸ்ரே எடுக்கிற நீயாம்மா பயப்படுற?"

"எனக்கு ஈயக் கோட்டு இருக்குது. உங்களுக்கு?"

"எனக்குக் காக்கிச் சட்டை இருக்குது!"

ஆட்டோவே சிரித்தது.

"கெடுதல்னு யாரும் அடிச்சுச் சொல்லலதான். ஆனாலும் எதுக்குண்ணா வம்பு?" என்றபடி சுகாசினி கைப்பையைத் துழாவ ஆரம்பித்தாள்.

வழியில் ஓரிக்கை ஸ்டாப்பில் ஆள் இறங்கும்போது தேவசகாயத்தின் போன் அடித்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து இடது காதில் வைத்து, "சவாரில இருக்கேன், அப்பால பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியபின், சுகாசினி தன்னுடைய வயர் ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். "இனிமே இதுல பேசுங்கண்ணா. எங்கிட்ட சும்மாதான் கெடக்குது."

தேவசகாயம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு தன் காதிலிருந்ததைக் கழற்றிக் காட்டினார்.

"இது செத்துப்போயி ரொம்ப நாளாச்சும்மா. தனியா பேசினா லூசுன்னு ஜனங்க வண்டில ஏற மாட்டேங்கிறாங்க. அதான் சும்மா மாட்டிக்கினு இருக்கேன்."

"அப்ப இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசுனீங்க?"

முன்கண்ணாடியருகே தொங்கிய சின்னச் சிலுவையை அவர் விரலால் தொட்டார்.

"நல்லவேளை, யாரும் இல்லாதப்ப கெடச்ச. உன் வூட்டுக்காரர் பேரு என்னம்மா? காலையிலருந்து 'அந்தப் பையன், அந்தப் பையன்'னே சொல்லிக்கினு இருக்கேன்!"