ஒன்பது நிமிஷப் பாட்டு

"அந்த சிவப்பு பல்பு எரிஞ்சதும் உனக்கு என்னக்கா ஆகுது? வாத்தியார் முன்னாடி ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பாடுற!" என்று ட்ரம் குச்சிகளைத் தொடையில் அடித்துக்கொண்டான் தம்பி.

அக்கா மைக்கை விட்டு விலகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான் என்றாலும், பாடுகிற அவள் அந்த இசைக்குழுவுக்கே அக்கா. ஒத்திகையில் ஜன்னல் அதிரப் பாடுகிறவள், ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு மேலே அந்தச் சின்ன பல்பு எரிந்ததும் அடங்கிவிடுவாள். சுருதி தப்பாது, தாளம் தப்பாது. உயிர் மட்டும் எங்கோ போய்விடும். காலையிலிருந்து நாலு தடவை அப்படித்தான் போயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "துண்டு துண்டா எடுத்து ஒட்டிடலாமா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"முடியாதுண்ணே. கடைசியில எனக்கு மூச்சு வாங்கணும். அதுவும் பாட்டுதான். ஒட்டுனா அது வராது."

"சாயங்காலத்துக்குள்ள பாட்டு போகலன்னா, அதை வெளியிடுற கம்பெனி கையைக் கழுவிடும்மா."

"தெரியும்ணே."

அவள் முன்பு வேலை பார்த்த ஆயத்த ஆடை ஆலையைப் பற்றிய பாட்டு அது. வெளிக்கதவைப் பூட்டிவைத்து வேலை வாங்கிய ஆலை. கிசுகிசுப்பாகத் தொடங்கும். பிறகு தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் ட்ரம். தம்பிக்கு அந்த வேகம் பிடிபடுவதற்காகப் பழைய மெஷின் ஒன்றைக் கால் வீங்கும்வரை மிதித்துக் காட்டியிருந்தாள். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அவளுடைய கால் மட்டும் தரையைத் தட்டும். உள்ளே புகை சூழ்ந்த அன்று பெண்கள் கதவைத் தட்டிய தட்டு. கடைசியில் கதவு உடைய வேண்டும், அதற்குத்தான் கிடார். அந்தத் தட்டல் எவ்வளவு நேரம் நீளலாம் என்ற சண்டையில், ஒல்லி என்கிற கிடார்காரனும் அவளும் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் உண்டு. கடைசியில் ஒன்பது நிமிஷம் என்று முடிவாயிற்று. ஒரு நொடிகூடக் குறைக்க முடியாது.

"ஏசி ஒழுகுது, புழுக்கம் உயிரை வாங்குது. ஏசிக்காரன் இதோ வர்றேன்னான், ஆளைக் காணோம்," என்றது ஸ்பீக்கர். "வெளியில போய் காத்து வாங்கிட்டு வாங்க. கடைசியா ஒரு தடவை பார்ப்போம்."

திரும்பி வந்தபோது ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மைக்குக்குப் பக்கத்தில் புது ஆள் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றார்.

"கம்பெனி மேனேஜர்," என்று அறிமுகப்படுத்தியது ஸ்பீக்கர். "சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியலையாம். நேத்து ஒத்திகையில எடுத்ததைப் போட்டுக் காட்டினேன்."

அக்காவின் கண் முதலில் அவருடைய சட்டைக்குப் போயிற்று. தொழில் புத்தி. வெள்ளைச் சட்டை, தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஊரையே அளக்க வந்துவிட்டார், தன் தோளை அளக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒன்பது நிமிஷமா?" என்றார் அவர். "அதுக்குள்ள நான் குளிச்சு, சாப்பிட்டு, பஸ் ஏறிடுவேன். மூணு நிமிஷமா நறுக்குங்க. நடுவுல என்ன அது, பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிற மாதிரி? அதைத் தூக்குங்க."

தம்பி எழுந்துவிட்டான். "என்ன சார் சொன்னீங்க?"

"உட்காருப்பா. அப்புறம்..." அவர் ஒரு கணம் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். "குரலும் சரியில்ல. இதமா பாடுற பொண்ணு யாரையாவது வெச்சுக்கலாம். நீங்க தையலுக்கே போங்கம்மா. கதவு பூட்டியிருந்தா என்ன, சம்பளம் ஒழுங்கா வந்துதுல்ல?"



"அண்ணே, பல்பு போடாதீங்க," என்றாள் அக்கா. கண்ணாடியை அவள் பார்க்கவே இல்லை. "ரெக்கார்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இந்த ஆளுக்கு மட்டும் பாடிக் காட்டறேன்."

"போடலம்மா."

"சார், அந்த ஸ்டூல்ல உட்காருங்க. முடியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"நடுவுல எழுந்தீங்க, குச்சி பறந்து வரும்," என்றான் தம்பி.

கிசுகிசுப்பு அவருடைய முகத்துக்கு நேராகத் தொடங்கியது. ட்ரம் பின்னாலேயே ஓடி வந்து பிடித்துக்கொண்டது. நடுவில் எல்லாம் நின்றபோது அவள் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் தரையை அறைந்தாள். ஒத்திகையில் தட்டியதைவிட நீளமாகத் தட்டினாள். சண்டைக்கார ஒல்லி இந்த முறை பொறுமையாகக் காத்திருந்தான். அவள் தலையை நிமிர்த்திய அதே நொடியில் அவனுடைய கிடார் பாய்ந்தது. கதவு உடைந்தது. கடைசி வரியை அவள் பாடவில்லை, கத்தினாள். பிறகு அவள் மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது.

"இப்ப சொல்லுங்க. எந்த இடத்துல நறுக்கணும்?"

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒல்லி தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, இதைப் போய் ரெக்கார்டு பண்ணாம விட்டுட்டோமே!"

"யார் சொன்னா?" பனியனோடு வெளியே வந்தார் ஒலிப்பதிவாளர். "பல்பைத்தானே போடல?"

அக்கா அவரையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேனேஜர் ஸ்டூலிலிருந்து எழுந்து, அவசர அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றி, வெள்ளைச் சட்டையை ஒலிப்பதிவாளரிடம் நீட்டினார்.

"இந்தாங்க சார் உங்க சட்டை. இனிமே என்னை இப்படியெல்லாம் பேசச் சொல்லாதீங்க, நெஞ்சு அடிச்சுக்குது. ஏசி எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு காட்டுங்க."